புலன் மயக்கமும் கவிதையும்

கவிதை புலன்களின் வழியாகவே மனத்தைச் சென்றடைகின்றது என்பது பழைய உண்மை. ஆயின், ஒரு புலனுக்குரிய அனுபவத்தை இன்னொரு புலனுக்குரிய சொல்லாற் கூறும் முறை, அதாவது குரலை இனிப்பது என்றும், நிறத்தை ஒலிப்பது என்றும், மணத்தைக் கனப்பது என்றும் கூறும் முறை, எமது மாணவர் கவிதைகளில் இன்று பெருகிவருவதை அவதானிக்கலாம். 'பச்சை மௌனம்', 'நீல ஓசை' என்பன போன்ற தொடர்கள் கவியரங்குகளிற் கைதட்டலைப் பெறுகின்றன. இவற்றை நவீனத்துவத்தின் அடையாளமாகக் கொள்வோர் உளர். உருவவாதிகளின் சொற்சிலம்பம் எனத் தள்ளுவோரும் உளர். இரு சாராரும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. கவிஞன் ஏன் ஒரு புலனை விட்டு இன்னொரு புலனிடம் செல்கிறான்? அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த மயிலிட்டி என்னும் கடற்றொழிற் கிராமம் 1990 யூன் மாதத்தில் தன் மக்களை இழந்தது. அதன் துறைமுகமும் அதனை அடுத்த ஒரு பகுதி நிலமும் 2017 யூலை 3ஆந் திகதியே மக்களிடம் மீண்டன. இடைப்பட்டவை 27 ஆண்டுகள். அந்த ஆண்டுகளிற் பிறந்த தலைமுறை தன் ஊரைக் கண்டு அறியவில்லை. முதியோர் சொல்லக் கேட்டே அறிந்தது. இதனை எழுதுபவனும் அத்தலைமுறையைச் சேர்ந்தவனே. அத்தகையோர் ஊரைப் பற்றிக் கவிதை எழுத முற்படும்போது, கண்ணுக்குரியதைச் செவியாற் சொல்லும் மயக்கம் தானாகவே வந்து புகுகின்றது. அது அனுபவத்திலிருந்து வருகின்றதா, அறியாமையை மறைக்க வருகின்றதா என்று பிரித்துக் காண ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தமிழ் மரபினுள்ளேயே பெறலாம் என்பது எமது துணிபு.

பெயரும் பொருளும்

புலன்களைக் கலந்து பாடுவதைத் தனியொரு கொள்கையாக உயர்த்திப் பிடித்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர்களே. போதலேர் 1857இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியில் மணமும் நிறமும் ஒலியும் ஒன்றோடொன்று உரையாடுவதாகக் கூறும் கவிதை ஒன்று உண்டு. ரிம்போ 1871 அளவில் உயிரெழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் கற்பித்துப் பாடினார். எழுத்தையோ ஒலியையோ உணருந்தோறும் நிறத்தையும் உடன் உணரும் இயல்பு சிலருக்குப் பிறவியிலேயே அமைவதுண்டு என உளவியலாளர் கூறுவர். அவ்வியல்பு அவர்களின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. கவிதையிலோ அது தெரிந்து மேற்கொள்ளப்படும் செயல். எனவே கவிஞனிடம் காரணம் கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு.

இம்முறையைத் தமிழிற் 'புலன் மயக்கம்' என வழங்கலாம். மயக்கம் என்ற சொல் இன்று தெளிவின்மையையே பெரிதும் குறித்தாலும், இலக்கண நூலாரிடத்து அது கலத்தலைக் குறிக்கும் கலைச்சொல்லாகும். மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்னும் வழக்குகள் யாவரும் அறிந்தவை. அவற்றில் ஒரு பொது உண்மை அடங்கியுள்ளது. எந்த மெய்யும் எந்த மெய்யோடும் சேரலாம் என மெய்ம்மயக்கம் கூறவில்லை. எது எதனோடு சேரும் என்றே வரையறுக்கிறது. திணைகள் மயங்குவது விலக்கப்படவில்லை எனக் கூறும் தொல்காப்பியர், நிலங்கள் மயங்குவதை மாத்திரம் உடன்படவில்லை. கலப்புக்கும் இலக்கணம் உண்டு என்பதே தமிழ் மரபின் நிலைப்பாடு. புலன் மயக்கத்திற்கும் அவ்வாறான இலக்கணம் ஒன்று உண்டா என ஆராய்வதில் தவறில்லை.

ஆராயுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். பல புலன்களை ஒரு பொருளின்மீது குவிப்பது வேறு. ஒரு புலனின் இடத்தில் இன்னொரு புலனை நிறுத்துவது வேறு. காதலியிடத்து ஐம்புல இன்பமும் ஒருங்கே உள்ளதென வள்ளுவர் காமத்துப்பாலிற் கூறுவது முதல் வகை. காக்கையின் கருமையிலும் மரங்களின் பசுமையிலும் கேட்கும் ஒலிகளிலும் தீயைத் தொட்ட விரலிலும் கண்ணனையே உணர்வதாகப் பாரதி பாடுவதும் அவ்வகையே. இவற்றில் ஒவ்வொரு புலனும் தன் தொழிலையே செய்கின்றது. எல்லாம் சென்று சேரும் இடம் ஒன்றாயிருக்கின்றது. இதனைப் புலன் ஒருங்கல் எனலாம். மயக்கம் என்பதோ புலன் தன் தொழிலை விட்டு அயற்புலனின் தொழிலை மேற்கொள்வதாகும். எம்மவர் கட்டுரைகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படுவதால் விளக்கம் குன்றிவிடுகின்றது.

மொழியில் உறைந்த மயக்கம்

புலன் மயக்கம் மேலைநாட்டு இறக்குமதி என்று கருதுவோர் எமது நெடுங்கணக்கை ஒருகால் திரும்பிப் பார்த்தல் நன்று. வல்லினம், மெல்லினம் என எழுத்தொலிகளைப் பகுத்தோர் தொட்டறியும் வன்மை மென்மைகளைக் கொண்டே செவியறியும் ஒலிக்குப் பெயரிட்டனர். தொல்காப்பியச் செய்யுளியல் சந்த வேறுபாடுகளை இருபது 'வண்ணம்' ஆக வகுக்கிறது. நிறத்தைக் குறிக்கும் சொல்லே ஓசையின் நடைக்கும் பெயராயிற்று. கேள்வி அதிகாரத்தில் வள்ளுவர் செவிக்கு உணவு உண்டென்றும் சுவை உண்டென்றும் பேசுகிறார். நாவின் சுவையை மாத்திரம் அறிந்து செவியின் சுவையை அறியாதாரை இகழ்கிறார். சுடுசொல், கசந்த பேச்சு, வறண்ட குரல், கூரிய பார்வை என நாளும் நாம் வழங்கும் தொடர்களையும் இவற்றோடு சேர்த்தெண்ணலாம்.

இத்தொடர்களை வரிசைப்படுத்தி நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. சூடு, கூர்மை, வன்மை, வறட்சி ஆகியன தொடுபுலனுக்குரியவை. இனிமையும் கசப்பும் நாவுக்குரியவை. இவை பெயர்ந்து சென்று சேர்வது செவியையும் கண்ணையும். மறுதலையாக, கண்ணுக்கோ செவிக்கோ உரிய சொல்லைத் தீண்டலுக்கும் சுவைக்கும் ஏற்றிக் கூறுவது பேச்சு வழக்கில் அரிது. இனிய குரல் என்போம். உரத்த இனிப்பு என்று ஒருவரும் சொல்லார்.

சொற்பொருளியல் அறிஞர் ஸ்டீபன் உல்மன் ஐரோப்பியக் கவிஞர் பலரின் ஆக்கங்களை ஆராய்ந்து இதனையொத்த முடிவுக்கு வந்தார். 1951இல் வெளிவந்த அவரது நூலில் தீண்டல், வெம்மை, சுவை, மணம், ஒலி, காட்சி என ஓர் ஏணி அமைகின்றது. பெயர்ச்சிகள் பெரும்பாலும் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கே செல்கின்றன என்பது அவர் கண்டது. காட்சியை உச்சியில் வைத்தபோதிலும், பெயர்ச்சிகள் மிகுதியாகச் சென்று சேரும் இடம் ஒலியே என்பதையும் அவர் குறித்துள்ளார். இனித் தொல்காப்பிய மரபியலை நோக்குவோம். உயிர்களை அறிவின் தொகையால் ஆறாகப் பகுக்கும் தொல்காப்பியர், உற்றறிவை முதலாகவும், அதன்மேல் நா, மூக்கு, கண், செவி என்பனவற்றை ஒவ்வொன்றாகவும் ஏற்றிச் சென்று, ஆறாவதாக மனத்தை வைக்கிறார். கண்ணும் செவியும் இடம் மாறியிருத்தலொன்றே உல்மனின் ஏணிக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. தொல்காப்பியர் பேசியது உயிர்ப் பாகுபாடு பற்றி, கவிதை பற்றியன்று. ஆகவே அவர் உல்மனை முந்திவிட்டார் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. தீண்டலை அடியாகவும் செவியை மேலாகவும் கொள்ளும் ஒரு நோக்கு தமிழிற் பழையது என்ற அளவில் அமைவதே முறை.

இதிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்று உண்டு. கீழிருந்து மேலாகச் செல்லும் மயக்கம் மொழியின் பொதுச்சொத்து. தேன்மொழி என எழுதும் கவிஞன் மொழியின் வைப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறானேயன்றிப் புதிதாக ஈட்டவில்லை. அவனைக் குறைகூற வேண்டியதில்லை, பாராட்ட வேண்டியதுமில்லை. விமர்சகனின் கவனம் செல்ல வேண்டியது வழக்கமான திசையை மீறிய மயக்கங்களின் மீதே. அம்மீறலுக்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

அடைபட்ட வாயில்

ஐம்பொறிகளை வாயில்கள் எனக் கூறுவது எமது நூல்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கு. வாயில் என்றால் அது திறக்கும், அடைபடவும் கூடும். ஒரு வாயில் அடைபடும்போது அதன் வழியே வரவேண்டியது வேறு வாயிலை நாடுகின்றது. வழக்கத்தை மீறிய புலன் மயக்கங்களுட் சிறந்தவை இந்த நெருக்கடியிலேயே தோன்றுகின்றன என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும். மூன்று எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இதனைச் சோதிப்போம்.

முதலாவது, குறுந்தொகையின் 138ஆம் பாட்டு. பாடியவர் கொல்லன் அழிசி. ஊர் முழுதும் உறங்கிய பின்னும் தாம் உறங்கவில்லை எனத் தோழி தலைவனுக்குக் கேட்கும்படி சொல்கிறாள். வீட்டின் அயலிலே நொச்சி நிற்கின்றது. அதன் இலை மயிலின் அடி போன்றது. பூ நீலமணி போன்றது. அப்பூ உதிரும் ஓசையை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள். நொச்சிப் பூ மிகச் சிறியது. அது விழும் ஓசை எளிதிற் செவிப்படுவதன்று. அவ்வளவு நுண்ணிய ஓசை கேட்டதெனின் காத்திருப்பின் ஆழம் விளங்குகின்றது. இதனை உரைகாரரும் ஆசிரியரும் பலகாலும் எடுத்துக்கூறியுள்ளனர். நாம் கருத வேண்டியது இன்னொன்று. நள்ளிரவில் பூவின் நீலம் கண்ணுக்குத் தெரியாது. இலையின் வடிவமும் தெரியாது. எனினும் அவை பாட்டில் இடம்பெறுகின்றன. பகலிற் கண்டு பழகிய நிறமும் வடிவமும், இருள் கண்ணை அடைத்த பின், ஓசையின் வழியே திரும்பி வருகின்றன. அயல்மரத்தை நாளும் கண்டு அறிந்தவளாலேயே அதன் பூவை இருளிலே கேட்க இயலும்.

இப்பாட்டு ஒரு வழக்காடலும் ஆகும். வந்தேன், நீங்கள் உறங்கிவிட்டீர்கள் எனத் தலைவன் கூறக்கூடிய நிலையில், விழித்திருந்தோம் என்பதற்குத் தோழி சான்று காட்டுகிறாள். அச்சான்று பூவின் ஓசை. உறங்கியவள் அதனைச் சொல்லியிருக்க முடியாது. எனவே இங்குப் புலன் மயக்கம் அணியாக நில்லாது சாட்சியமாக நிற்கின்றது. சாட்சியத்திற்கு வேண்டிய முதற்பண்பு நுட்பமான உண்மை.

இரண்டாவது, அப்பரின் தேவாரம். ஈசனின் திருவடி நிழலுக்கு வீணையின் நாதத்தையும், மாலை நிலவையும், வீசும் தென்றலையும், இளவேனிலையும், வண்டு ஒலிக்கும் பொய்கையையும் உவமையாக்கும் அப்பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். நிழலின் தண்மை தொடுபுலனுக்குரியது. அதனை விளக்க வந்தவற்றில் நாதம் செவிக்கும் நிலவு கண்ணுக்கும் உரியவை. அதாவது, ஏணியின் மேற்படியிலுள்ள புலன்கள் அடிப்படியிலுள்ள தீண்டலுக்குத் துணையாக இறங்கி வருகின்றன. வழக்கமான திசை இங்கு மாறிவிட்டது. ஏன்? பல்லவ மன்னனின் ஆணையால் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கப்பட்டபோது அப்பர் இதனைப் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். பாடலுக்குள் நீற்றறை பற்றிய பேச்சே இல்லை. அச்சூழல் சேக்கிழார் வழியாகவே எமக்குக் கிடைக்கின்றது. ஆயினும் அச்சூழலை ஏற்று வாசிக்கும்போது பாடலின் அமைப்பு விளக்கம் பெறுகின்றது. சுண்ணாம்புச் சூளையின் வெக்கையை அறியாதவர் குடாநாட்டில் அரியர். அதனுள் அகப்பட்ட உடலுக்குத் தீண்டல் என்பது வெம்மையொன்றே. குளிர்ச்சியை உணர்த்த அப்புலனிடம் சொல் மிஞ்சவில்லை. ஆகவே செவியிடமும் கண்ணிடமும் கடன் பெற வேண்டியதாயிற்று. கவிதையின் உவமை வரிசை ஒரு மனித உடல் தப்பிப் பிழைத்த வழியாகத் தோன்றுகின்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு எமது கருத்துக்கு எதிரானதுபோற் காணப்படும். தமிழ்நாடு என்ற பெயரைக் கேட்டவுடன் செவியிலே தேன் பாய்வதாகப் பாரதி பாடினார். நாவின் சுவை செவிக்கு ஏறுகின்றது. இது கீழிருந்து மேலாகச் செல்லும் வழக்கமான மயக்கமே. எந்த வாயிலும் இங்கு அடைபடவில்லை, மகிழ்ச்சியே நிறைந்துள்ளது. மொழியின் பொதுச்சொத்து எனக் கூறி இதனைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு செய்தி எம்மைத் தடுக்கின்றது. பாரதி 1921இல் மறைந்தார். தமிழ்நாடு என்னும் பெயரைச் சென்னை மாநிலம் சட்டப்படி பெற்றது 1969 யனவரியிலேயே. பாரதியின் காலத்து ஆட்சி வரைபடத்தில் அப்பெயருடைய நிலப்பரப்பு இல்லை. இருந்தது சென்னை மாகாணம். கண்ணுக்குக் காட்ட முடியாத நாடு பெயராகச் செவியில் இருந்தது. அதனால் அதன் இன்பமும் செவியிலேயே நிகழவேண்டியதாயிற்று எனக் கொள்வது மிகையாகாது. தேனும் செவியும் பழைய உடைமைகளே. அவை இணைந்த வேளை புதியது.

இம்மூன்றிலும் வாயிலை அடைத்தது எது என்ற வினாவுக்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. முதலாவதில் இரவு, இரண்டாவதில் அரசன், மூன்றாவதில் வரலாறு. புலன் மயக்கத்தை உருவவாதம் என ஒதுக்கும் நண்பர்கள் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். புலன்கள் இடம்பெயர்வது சமூகக் காரணங்களாலும் நிகழ்கின்றது. ஒருவன் எதனைக் காணலாம், எங்கு காலடி வைக்கலாம் என்பதை அதிகாரமும் போரும் வரையறுக்கும்போது கவிதையின் உவமையும் அதற்கேற்ப மாறுகின்றது.

மயிலிட்டியைக் கேட்டல்

இந்நோக்குடன் மயிலிட்டிக்கு வருவோம். கடற்றொழிலாளரின் வாழ்வில் புலன்கள் ஒன்றுக்கொன்று பதிலியாக நிற்பது நாளாந்த நிகழ்ச்சி. இரவிற் கடலுக்குச் சென்றவனுக்குத் தூண்டிற் கயிற்றைப் பற்றிய விரலே கண். நீரின் கீழ் நிகழ்வதைக் கை அறிவிக்கும். காற்றைக் காண முடியாது. ஆனால் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டு, மேனியிற் படும் விதத்தாலும் அலையின் இரைச்சலாலும் பிரித்தறிவர். வாடை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து வீசும் காற்றும் வாடை. மூக்கை எட்டும் மணமும் வாடை. வடகடலை நேர் எதிர்கொள்ளும் கரையில் தீண்டலுக்கும் மோப்பத்துக்கும் ஒரே சொல் பயன்படுவதில் வியப்பில்லை.

1990இன் பின்னர் இம்மக்களுட் பலர் மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களில் வாழ நேர்ந்தது. ஊர் சில கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. அங்குச் செல்ல இயலாது. கடலைக் காணவும் இயலாது. மாரிக் கால இரவுகளில் வடகடலின் இரைச்சல் உட்புறக் கிராமங்களிலும் கேட்பதுண்டு. கண்ணுக்கு மறைக்கப்பட்ட ஊர் செவிக்கு மாத்திரம் மீதமிருந்தது. முதியோருக்கு அவ்விரைச்சல் நினைவூட்டல். கொல்லன் அழிசியின் தோழியைப்போல, கண்டு பழகியதை அவர்கள் செவியால் மீட்டனர். அங்குப் பிறந்த சிறுவருக்கோ மீட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர்கள் செவிவழிக் கேட்டதிலிருந்து ஓர் ஊரைக் கட்டவேண்டியிருந்தது. அன்புக்குரிய முகத்தைக் கண் மறந்துவிட்டதே என ஏங்கும் பெண்ணைப் பாரதி பாடினார். மறப்பதற்கேனும் அவள் ஒருமுறை கண்டிருந்தாள். காணாத முகத்தை நினைவில் வைத்திருக்க வேண்டிய நிலை இத்தலைமுறையினது.

ஈழத்துக் கவிதையில் இவ்வனுபவத்துக்கு அண்மையில் நிற்பது சு. வில்வரத்தினத்தின் (1950–2006) 'காற்றுவெளிக் கிராமம்'. மக்கள் வெளியேறிய புங்குடுதீவைப் பொருளாகக் கொண்ட அத்தொகுதி 1995இல் வெளிவந்தது. தலைப்பே சிந்தனைக்குரியது. ஓர் ஊரைக் கிராமமாக்குவன வீடு, வேலி, மனிதர் முதலிய காட்சிப்பொருள்கள். அவை வெறுமையுற்ற பின், தீண்டலுக்கும் செவிக்கும் மாத்திரம் எட்டும் காற்று அவற்றின் இடத்தைப் பெறுகின்றது. அங்கு மயக்கம் ஒரு வெறுமையின் அளவைக் காட்டுகின்றது. வில்வரத்தினம் தாம் வாழ்ந்து அறிந்த ஊரைப் பற்றியே எழுதினார் என்பதையும் மறத்தலாகாது.

இனி எமது தலைமுறையினரின் எழுத்தை எடைபோட மூன்று வினாக்களை முன்வைக்கலாம். எந்தப் புலனின் வாயில் அடைபட்டது? அதனை அடைத்தது யாது? அதன் பதிலாக வந்த புலன் எதனை உண்மையாகவே கொண்டுவந்தது? எடுத்துக்காட்டின் பொருட்டு இரண்டு தொடர்களை நாமே அமைத்துப் பார்ப்போம். 'உப்பு நிறத் துயரம்' என்பது ஒன்று. கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால் இங்கு அடைபட்ட வாயில் எது எனக் கேட்டால் விடையில்லை. மயிலிட்டியை நீக்கி எந்தக் கடற்கரையை வைத்தாலும் தொடர் மாறாது நிற்கும். 'இரைச்சலைக் கொண்டு கடலின் நிறம் சொல்வாள் அம்மம்மா' என்பது மற்றையது. சொல்லழகில் இது முன்னையதிலும் குறைந்ததே. எனினும் கண்ணின் வாயில் அடைபட்டிருப்பதும், செவி அதன் பணியை ஏற்றிருப்பதும், அதற்குத் தகுதியுடையவள் யார் என்பதும் இதில் தெரிகின்றன. முன்னையது அணி, பின்னையது சாட்சியம். அளவெட்டியிற் பிறந்த மஹாகவி (1927–1971) பேச்சோசையையும் அன்றாட வாழ்வின் விவரங்களையும் செய்யுளினுட் கொணர்ந்து காட்டிய வழி எமக்கு அயலிலேயே உள்ளது. விவரம் அறியாதவிடத்து மயக்கம் வெறும் மங்கலாகிவிடும் என்பதை அவ்வழி உணர்த்தும்.

2017இன் பின்னர் நிலைமை மேலும் சிக்கலானது. நிலம் முழுவதும் ஒரே நாளில் மீளவில்லை. பகுதி பகுதியாகவே மீண்டது. திறந்த பகுதிக்குச் சென்ற இளைஞர் கண்டது பற்றையும் இடிபாடும். கேட்டு வளர்ந்த ஊரும் கண்ணெதிரே கிடந்த ஊரும் ஒன்றாயிருக்கவில்லை. செவி கட்டிய ஊரைக் கண் மறுத்தது. எமது கவிதை இனி எதிர்கொள்ள வேண்டிய பொருள் இம்முரண்பாடே என எண்ணுகிறோம். வாயில் திறந்துவிட்ட இடத்திலும் அது இன்னும் அடைபட்டிருப்பதுபோல மங்கலான சொற்களில் ஏக்கம் பாடுவது, கண்ட உண்மையைச் சொல்வதிலிருந்து தப்பும் வழியாகும். அவ்வாறே, கண்டவுடன் கேட்டதையெல்லாம் பொய்யெனத் தள்ளுவதும் பிழை. தோழிக்குச் செவி சான்றானதுபோல இவ்வூருக்கும் முதியோர் சொல் சான்றாகும். செவிக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள பிணக்கை மறைக்காது காட்டும் கவிதையில் புலன் மயக்கம் தன் முழு வலுவையும் பெறும்.

முடிபு

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். புலன் மயக்கம் தமிழுக்குப் புதிதன்று. எழுத்துக்களின் பெயரிலிருந்தே அது தொடங்குகின்றது. மொழியில் உறைந்த மயக்கங்கள் எல்லோருக்கும் உரியவை. வழக்கத்தை மீறிய மயக்கம் தகுதி பெறுவது, ஒரு வாயில் அடைபட்டதையும் இன்னொரு புலன் அதன் பணியை மேற்கொண்டதையும் அது உண்மையாகக் காட்டும்போதே. கவிதைக்குக் களிப்பும் விளையாட்டும் உரியவை அல்லவா, எல்லா மயக்கத்திற்கும் துயரம் காரணமாக வேண்டுமா என ஒருவர் வினவலாம். விளையாட்டாக எழுதப்படும் கவிதையை விளையாட்டாகவே சுவைப்பதில் தடையில்லை. ஓர் ஊரின் இழப்பைப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் கவிதையிடமே இவ்வளவுகோல் சாட்சியத்தை எதிர்பார்க்கின்றது.

இதிலிருந்து மாணவராகிய எமக்கு ஒரு கடமை எழுகின்றது. மயிலிட்டியைக் கண்டு வாழ்ந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். காற்றுக்களின் பெயரும், கடலின் இரைச்சலைக் கொண்டு மறுநாளின் நிலையைக் கணிக்கும் முறையும், வலைகளின் வகையும், கருவாடு காயும் வாடிகளின் மணமும் அவர்கள் வாய்மொழியிலேயே பெரிதும் உள்ளன. எமது செவி என்னும் வாயில் திறந்திருப்பது அவர்கள் பேசும் காலம் வரைக்குமே. விடுமுறைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று அவற்றைத் தொகுப்பது ஒரு தமிழ்ச் சங்கத்தால் இயலாத காரியமன்று. கேட்க வேண்டியதைக் கேட்ட பின் எழுதப்படும் கவிதையில் நீலம் ஒலிக்கலாம், ஓசை மணக்கலாம். அதற்குரிய காரணத்தை அக்கவிதையே சொல்லும்.